குண்டு விழுந்த ஊர்!

கடலூருக்குப் பக்கத்தில் 'குண்டு உப்பலவாடி' என்று ஓர் ஊர் இருக்கிறது. நகரத்துக்குள்ளேயே 'குண்டு சாலை' என்று ஒரு சாலையும் இருக்கிறது. முதல் தடவை இந்தப் பெயர்களைக் கேட்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். "யாராவது பருமனான மனிதர் அங்கே குடியிருந்தாரோ?" என்று குழந்தைகள் கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். விஷயம் அதுவல்ல. உண்மையாகவே குண்டு விழுந்துதான் அந்தப் பெயர் வந்தது!

"குடும்பப் பத்திரிகையில் குண்டும் மருந்தும் எதற்கு ஐயா?" என்று சகோதரிகள் முகம் சுளிக்க வேண்டாம். ஓர் ஊர் யாருக்குச் சொந்தம் என்பதை ஒரு பிடி மருந்து தீர்மானித்த கதை இது. வீடும் வாசலும் கைமாறுகிற விஷயம் குடும்ப விஷயம் இல்லாமல் வேறென்ன?

சுட்ட தூரம் சொந்தம்

கதை 1690-ஆம் வருஷத்தில் தொடங்குகிறது. தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே ஒரு சிறு கோட்டை இருந்தது. அப்போது இந்தப் பிரதேசம் செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டியர் வசம் இருந்தது. சிவாஜியின் மகன் ராஜாராம் அங்கே இருந்தார். மொகலாயப் படை செஞ்சியை நெருக்கிக்கொண்டிருந்த சமயம். போருக்குப் பணம் வேண்டும். சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கும்பினியாரோ கடற்கரையில் இன்னொரு கோட்டை கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேரம் படிந்தது.

கோட்டையோடு எவ்வளவு நிலம்? இங்கேதான் வேடிக்கை. கோட்டையிலிருந்து ஒரு பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதற்குள் அடங்கிய ஊர்களெல்லாம் கும்பினியாருக்குச் சேர வேண்டும் என்பது ஒப்பந்தம்!

நாம் மனை வாங்கினால் சங்கிலி போட்டு அளப்பார்கள், கல் நடுவார்கள். கும்பினியார் பீரங்கி போட்டு அளந்தார்கள். அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். பிற்காலத்தில் இவர் கொடுத்த நன்கொடைக்காகத்தான் அமெரிக்காவிலுள்ள யேல் கல்லூரிக்கு இவருடைய பெயரை வைத்தார்கள். சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து ஒன்றை அனுப்பினார்கள்; அதைச் சுடத் தெரிந்த ஆளையும் கூடவே அனுப்பினார்கள். மருந்தைக் கெட்டித்துச் சுடுவதில்தான் பீரங்கிக்காரனின் சாமர்த்தியம் இருக்கிறது. கும்பினிக்கு எது அனுகூலமோ அப்படிச் சுட வேண்டும் என்று குறிப்பும் போயிற்று. எவ்வளவு பச்சையாகச் சொல்லியிருக்கிறார்கள், பாருங்கள்!

1690 செப்டம்பரில் நாலு திசையிலும் குண்டு பறந்தது. கடலூர்ப் பட்டணமும் அந்த எல்லைக்குள் அகப்பட்டுக்கொண்டது. இப்படிக் கிடைத்த ஊர்களுக்குத்தான் 'குண்டு கிராமம்' என்று பெயர் வந்தது.

கோட்டைக்குச் செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். யேல் துரையின் பூர்வீகம் வேல்ஸ் நாடு. அந்நாட்டின் காவல் புனிதர் டேவிட். அவருடைய பெயர்தான் கோட்டைக்கு என்பது ஒரு பேச்சு. யேல் துரைக்கு டேவிட் என்று ஓர் ஆண் குழந்தை இருந்தது. சென்னையிலேயே சின்னஞ்சிறு வயதில் இறந்துவிட்டது. அந்தக் குழந்தையின் ஞாபகமாக வைத்த பெயர் என்பது இன்னொரு பேச்சு. பெற்றவர்களுக்கு இரண்டாவதுதான் மனசில் ஒட்டும்.

பீரங்கிக்காரன் சாமர்த்தியம்

சரி, அந்தச் சாமர்த்தியம் என்ன?

பழைய பீரங்கி, வாய் வழியாக மருந்து போடும் சாதனம். முதலில் வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த மருந்து. அதன்மேல் தக்கை. அப்புறம் குண்டு. எல்லாவற்றையும் நீண்ட கழியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பின்பக்கத்துச் சிறு துவாரத்தில் திரியைக் காட்டினால் மருந்து எரிந்து புகையாகிறது; அந்தப் புகை, வெளியே போக வழி தேடிக் குண்டைத் தள்ளுகிறது.

இங்கே ஒரு தொல்லை உண்டு. குண்டு குழலுக்குள் சுலபமாக இறங்க வேண்டும் என்பதற்காக அதைக் குழலைவிடச் சற்றுச் சிறியதாக வார்ப்பார்கள். அந்த இடுக்கு வழியே புகை வீணாகத் தப்பிவிடும். உங்கள் சமையலறையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. குக்கர் மூடியில் ரப்பர் வளையத்தைப் போடாமல் அடுப்பில் ஏற்றிப் பாருங்கள்! ஆவியெல்லாம் ஓரத்தில் சீறிக்கொண்டு போகும், பருப்பு வேகாது. பீரங்கியில் தக்கை செய்வது ஏறக்குறைய அந்த ரப்பர் வளையத்தின் வேலை. மருந்து உலர்ந்திருக்க வேண்டும். தக்கை இறுக்கமாக இருக்க வேண்டும். குழலின் வாயைத் தகுந்தபடி தூக்கி வைக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் ஒரு கிராமம் எல்லைக்கு வெளியே நின்றுவிடும்.

ஆனால் இதெல்லாம் கைப்பழக்கமாக வந்த வித்தை. எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு வேகம் என்று கணக்கு வைத்துச் சொல்ல அன்றைக்கு ஒருவரும் இல்லை. அந்தக் கணக்கைக் கண்டுபிடித்த மனிதர், அறுபது வருஷம் கழித்து, இதே தேவனாம்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதுதான் ஆச்சரியம்!

ஊஞ்சலில் அளந்த வேகம்

அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707-இல் இங்கிலாந்தில் பாத் நகரத்தில் பிறந்தவர். தகப்பனார் ஏழைத் தையற்காரர். குடும்பம் க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. ஆயுதத்தைத் தொடுவதே பாவம் என்று சொல்பவர்கள் க்வேக்கர்கள். அந்த வீட்டுப் பிள்ளை, துப்பாக்கியைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்னார்!

கண்ணுக்கே தெரியாமல் பறக்கிற குண்டின் வேகத்தை எப்படி அளப்பது? ராபின்ஸ் ஓர் ஊஞ்சல் கட்டினார். ஆம், நம் வீட்டுக் கூடத்தில் ஆடுகிறதே, அந்தத் தத்துவந்தான். முக்காலியிலிருந்து கனமான மரப்பலகை ஒன்றைத் தொங்கவிட்டார். அதில் குண்டைச் சுட்டார். குண்டு பலகையில் புதைந்ததும் ஊஞ்சல் பின்னுக்கு ஆடும். அடியில் கட்டிய ஒரு ரிப்பன், எவ்வளவு தூரம் ஆடியது என்பதைக் காட்டிக்கொடுக்கும். குண்டின் எடை தெரியும். பலகையின் எடை தெரியும். ஆடிய தூரமும் தெரிந்துவிட்டது. அப்புறம் வேகம் வெறும் கணக்குத்தானே!

மருந்தைக் கூட்டினார், குறைத்தார். குழலின் நீளத்தை மாற்றினார். ஈரம் ஏறிய மருந்தையும் சோதித்தார். துப்பாக்கிக் குண்டு வினாடிக்குச் சுமார் 1,700 அடி வேகத்தில் புறப்படுகிறது என்று கண்டார். 1742-இல் இதையெல்லாம் புத்தகமாக வெளியிட்டார். அதில் எல்லாரையும் தூக்கிவாரிப் போட்ட விஷயம் ஒன்று இருந்தது. பழைய பண்டிதர்களின் கணக்குப்படி, அந்த வேகத்தில் புறப்பட்ட குண்டு 17 மைல் போக வேண்டும். உண்மையில் போவதோ அரை மைலுக்கு உள்ளேதான். மீதித் தூரத்தை விழுங்கியது யார்? காற்று! குண்டு புறப்படும்போது அதன் எடையைப்போல் 120 மடங்கு பலத்தோடு காற்று அதைத் தடுக்கிறது என்றார் ராபின்ஸ். நம் முகத்தில் மெல்ல வந்து வருடுகிற அதே காற்றுத்தான்.

குண்டு ஏன் நேரே போகாமல் விலகுகிறது என்பதையும் அவர் விடவில்லை. மெல்லிய காகிதத் திரைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, ஓட்டை விழும் இடங்களைக் குறித்தார். ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கந்தான் போயிற்று. பிறகு வலப்பக்கமாகத் திரும்பிவிட்டது! குழலுக்குள் உருண்டதில் அதற்குச் சுழற்சி ஏற்பட்டிருந்தது. சுழல்கிற பந்து காற்றில் வளைந்து போகும் ரகசியம் இது. குழலின் உட்புறத்தில் திருகு மாதிரி வரிகள் வெட்டி, குண்டை ஒழுங்காகச் சுழலவிட்டால் குறி தவறாது என்றும், அந்தத் துப்பாக்கியைக் கைக்கொள்ளும் தேசம் மற்றவர்களை மிஞ்சிவிடும் என்றும் அவர் எழுதினார். கணித மேதை ஆய்லர் இவருடைய புத்தகத்தை 1745-இல் ஜெர்மன் பாஷையில் பெயர்த்தார்.

1749-இல் லண்டனில் பெரிய வாணவேடிக்கை நடந்தது. ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராபின்ஸ் மட்டும், ராக்கெட் எவ்வளவு உயரம் போகிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். தீபாவளி ராத்திரியில்கூட இப்படி ஒரு மாமா நம் வீடுகளில் இருப்பார், இல்லையா?

தேவனாம்பட்டினத்துக் காய்ச்சல்

1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும், கும்பினியாரின் தலைமையிடம் செயிண்ட் டேவிட் கோட்டைக்கு மாறியது. 1752 வரை கடலூர்தான் தலைநகரம். கோட்டைகளைப் பழுதுபார்த்துப் பலப்படுத்த ராபின்ஸைத் தலைமை எஞ்சினீயராக நியமித்தார்கள். 1750-இல் கப்பலில் வந்து இறங்கினார். வந்த சில மாதத்திலேயே கடுங்காய்ச்சல் கண்டது, பிழைத்து எழுந்தார். மறுபடியும் உடம்புக்கு வந்தது. 1751 ஜூலை 29-ஆம் தேதி, செயிண்ட் டேவிட் கோட்டையிலேயே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 44. கும்பினியாருக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது, கையில் பேனாவோடு இறந்தார் என்று சொல்வார்கள்.

அவர் பலப்படுத்த வந்த கோட்டையாவது நிலைத்ததா? 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்துத் தள்ளினான்.

சிதம்பரத்தில் பலிக்காத கணக்கு

கடலூரிலிருந்து தெற்கே போனால் சிதம்பரம். நடராஜர் சந்நிதிக்குப் போகிறவர்கள் அந்தப் பெரிய மதில்களை நிமிர்ந்து பார்த்திருப்பீர்கள். கர்நாடக யுத்தங்களில் அந்த மதில்களே கோட்டையாகப் பயன்பட்டன. 1781-இல் கோயிலுக்குள் ஹைதர் அலியின் காவல் படை இருந்தது. ஜூன் 18-ஆம் தேதி இரவு ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட் அதைத் தாக்கினார். வெளிக்காவலை உடைத்துக்கொண்டு முன்னேறியவர்களை உள்ளே இருந்தவர்கள் அடித்து விரட்டிவிட்டார்கள். பீரங்கி ஒன்றையும் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. உள்ளே இருந்த ஆட்களின் பலத்தைக் குறைவாக எடை போட்டதுதான் காரணம். இரண்டு வாரத்துக்குள், ஜூலை 1-ஆம் தேதி, பரங்கிப்பேட்டையில் அவரே வெற்றி பெற்றார் என்பது வேறு கதை.

இன்றைக்கும் அதே சோதனை

வாய் வழியாக மருந்து போடும் துப்பாக்கியின் காலம் மலையேறிவிட்டதே என்பீர்கள். அதுதான் இல்லை. அமெரிக்காவில் பல மாகாணங்களில் அத்தகைய துப்பாக்கிக்கென்றே தனி வேட்டைப் பருவம் இருக்கிறது. அதை வைத்திருப்பவர்கள் மைதானத்தில் குறிப்பலகையை நட்டு, குன்றிமணியால் பொன் நிறுப்பதுபோல் மருந்தை நிறுத்துப் போட்டுச் சுட்டு, ஓட்டைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்கிறார்கள். குண்டுக்கும் குழலுக்கும் நடுவே இடுக்கு இராதபடி, பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றில் குண்டைப் பொருத்திப் போடுகிறார்கள். வாயைத் தாண்டியதும் கிண்ணம் கழன்று விழும். குண்டு மட்டும் பறக்கும். அதற்குச் 'சாபோ' என்று பெயர். பிரெஞ்சு பாஷையில் மரச்செருப்பு என்று அர்த்தம். நம் குக்கர் வளையத்தின் ஒன்றுவிட்ட சகோதரன்!

கரிமருந்துக்குப் பதில், புகையில்லா மருந்து போட்டுச் சுடுகிறவர்களும் உண்டு. 1884-இல் வியேல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டது அது. அந்த இனத்தைச் சேர்ந்த கார்டைட் மருந்துக்காகத்தான் நம் நீலகிரியில் அரவங்காடு தொழிற்சாலையை ஏற்படுத்தினார்கள். இந்த மருந்தின் உக்கிரத்தைச் சாதாரணக் கரிமருந்துத் துப்பாக்கி தாங்காது. குழல் வெடித்துச் சுடுகிறவனையே பலி வாங்கிவிடும். இதற்கென்று தனியாகச் செய்த குழலில்தான் போடலாம். அளவு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது மருந்துக்கும் பொருந்தும். இந்த மருந்துக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும்.

ஒருவரும் கேட்காத கேள்வி

மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போயிருந்தேன். 'வெள்ளிக் கடற்கரை' என்று சொல்கிறார்கள். குழந்தைகள் மணலில் ஓடிக்கொண்டிருந்தன. பழைய கோட்டையில் எஞ்சியது சில இடிந்த சுவர்கள்தான்.

மருந்து எவ்வளவு, கோணம் எவ்வளவு, தூரம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் கணக்கிட்டார்கள், சரி. 1690 செப்டம்பரில் குண்டு வந்து விழுந்தபோது, உப்பலவாடியில் ஒரு வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். அந்த வீட்டு அம்மாள் பதறிப்போய்க் குழந்தையை வாரி எடுத்திருப்பாள். 'டமார்' என்ற ஒரு சத்தத்தில் தன் ஊர் வேறொருவருக்குச் சொந்தமாகிவிட்டது என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கப்போகிறார்கள்? "உங்களுக்குச் சம்மதமா?" என்று அவளை யார் கேட்டார்கள்?

மராட்டியர் போனார்கள், கும்பினியார் போனார்கள், பிரெஞ்சுக்காரர்களும் போனார்கள். பெயரை மாத்திரம் ஊரார் விடவில்லை. அடுத்த முறை கடலூருக்குப் போகும்போது, "ஏம்மா அதற்குக் குண்டு என்று பேர்?" என்று உங்கள் குழந்தை கேட்டால், சிரித்து மழுப்பிவிடாதீர்கள். இந்தக் கதையைச் சொல்லுங்கள். அந்த அம்மாளையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள்.