லண்டன் தமிழர் வீடுகளுக்கு வந்த தேர்தல் பிரசுரம்

2016 வசந்த காலத்தில் லண்டன் மேயர் தேர்தல் சூடுபிடித்திருந்த நேரம். தமிழ்க் குடும்பங்களைக் குறிவைத்து ஒரு பிரசுரம் வீடுவீடாக வந்து விழுந்தது. அனுப்பியது கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஸாக் கோல்ட்ஸ்மித்தின் பிரசாரக் குழு. அதில் முக்கியமாக இரண்டு சங்கதிகள் இருந்தன. தொழிற்கட்சி வேட்பாளர் சாதிக் கான் அமைச்சராக இருந்தபோது இலங்கைப் பிரச்சினை பற்றியோ தமிழர்களின் கவலைகள் பற்றியோ பதவியைப் பயன்படுத்திப் பேசவில்லை என்பது ஒன்று. அவருடைய கட்சி உங்கள் குடும்பத்துக்கும் பரம்பரை உடைமைகளுக்கும் கூடுதல் வரி போடப் பார்க்கிறது என்பது மற்றொன்று. இந்திய வம்சாவளியினர் வீடுகளுக்குப் போன பிரசுரத்தில் குடும்ப நகைகள் மீது வரி என்று இன்னும் பச்சையாகவே சொல்லியிருந்தார்கள்.

தாலிக்கொடியிலிருந்து பேத்தியின் காதுகுத்துக்குச் செய்த தோடு வரை, நம் வீடுகளில் தங்கம் என்பது என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அகதியாக வந்து இறங்கிய எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் வாடகையைக் கட்ட உதவியதே அந்த நகைதான். அதைத் தெரிந்துகொண்டுதான் அந்த வாசகத்தை எழுதியிருக்கிறார்கள். ஆனால் லண்டன் மேயருக்கு நகை மீது வரி விதிக்கும் அதிகாரமே கிடையாது. கவுன்சில் வரியில் தன் பங்கைக் கூட்டலாம், குறைக்கலாம். பேருந்து, ரயில் கட்டணத்தை முடிவு செய்யலாம். உடைமைகள் மீது வரிச் சட்டம் போடுவது நாடாளுமன்றத்தின் வேலை.

முதல் சங்கதி வேறு வகை. 2009 ஏப்ரலில், இலங்கைப் போரில், வன்னியில் குண்டு மழை பொழிந்துகொண்டிருந்தபோது, வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் இரவுபகலாக உட்கார்ந்திருந்தார்கள். அப்போது சாதிக் கான் கார்டன் பிரவுன் அரசில் இளநிலை அமைச்சர். தமிழ்க் கடைகள் வரிசைகட்டி நிற்கும் டூட்டிங் தொகுதியின் உறுப்பினரும் அவரே. அன்று நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவரிடம் கேட்பது முழுக்க முழுக்க நியாயமான கேள்வி. யாருடைய தேர்தல் பிரசுரத்தில் வந்தாலும் அது நியாயமான கேள்வியே. தமிழர்கள் அதைக் கேட்கத்தான் வேண்டும்.

வருத்தம் என்னவென்றால், அந்தத் தேர்தலில் உரக்க ஒலித்தது இந்தக் கேள்வி அல்ல. கான் ஒரு முஸ்லிம். மனித உரிமை வழக்கறிஞராக இருந்தவர். தீவிரக் கருத்துள்ளவர்களுடன் மேடையைப் பகிர்ந்துகொண்டவர் என்ற குற்றச்சாட்டே வாரக்கணக்கில் ஓடியது. அவர்களின் கருத்தை ஏற்பவன் என்ற தோற்றம் தந்ததற்கு வருந்துகிறேன், அந்தக் கருத்துகள் எனக்கு அருவருப்பானவை என்று கான் வெளிப்படையாகவே சொன்னார். அதோடு விவகாரம் முடியவில்லை.

2016 ஏப்ரல் 20 அன்று, பிரதமர் கேள்வி நேரத்தில், டேவிட் கேமரன் எழுந்து டூட்டிங் இமாம் சுலைமான் கனியின் பெயரைச் சொன்னார். கான் அவரோடு ஒன்பது முறை மேடையேறினார் என்றும், கனி ஐஎஸ் அமைப்பை ஆதரிப்பவர் என்றும் அவையில் கூறினார். கனி உடனே மறுத்தார். பிறகு ஒவ்வொன்றாக உண்மை வெளியே வந்தது. கனி கோல்ட்ஸ்மித்தோடு நின்று எடுத்த படம் வெளியாயிற்று. 2015 பொதுத்தேர்தலில் டூட்டிங்கில் அவர் ஆதரித்தது கன்சர்வேட்டிவ் வேட்பாளரை. ஒருபால் திருமணச் சட்டத்துக்குக் கான் ஆதரவாக வாக்களித்ததால் இருவருக்கும் முன்பே பிணக்கு இருந்தது. தேர்தல் முடிந்த பிறகு கேமரன் தரப்பு மன்னிப்புக் கேட்டது. அவைக்குள் பேசியதற்கு வழக்குப் போட முடியாது; வெளியே அதே குற்றச்சாட்டைச் சொன்ன பாதுகாப்பு அமைச்சர் மைக்கேல் ஃபாலனும் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு கோல்ட்ஸ்மித் எழுதிய கட்டுரையை மெயில் ஆன் சண்டே பத்திரிகை வெளியிட்டது. பக்கத்தில் போட்டிருந்த படம், 2005 ஜூலை 7 தாக்குதலில் கூரை பிய்ந்து நின்ற சிவப்புப் பேருந்து. 52 பேரைப் பலிகொண்ட நாளின் படத்தை ஒரு நகரத் தேர்தல் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்தால் வாசகர் மனம் எங்கே போகும்? கன்சர்வேட்டிவ் கட்சியின் சயீதா வார்சியே இது எனக்குத் தெரிந்த ஸாக் அல்ல என்று எழுதினார். மே 5 அன்று லண்டன் வாக்களித்தது. இரண்டாம் சுற்றில் கானுக்கு 56.8 சதவீதம். லண்டன் சட்டமன்றத்தில் கன்சர்வேட்டிவ் குழுவின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ போஃப், தன் கட்சியின் பிரசாரம் சமூகங்களோடு இருந்த உறவைக் கெடுத்துவிட்டது என்று தொலைக்காட்சியில் வெளிப்படையாகவே கண்டித்தார்.

வேட்பாளரின் நம்பிக்கையைத் தோண்டுவது பிரிட்டனுக்குப் புதிதல்ல. லயனல் டி ராத்ஸ்சைல்ட் 1847இல் சிட்டி ஆஃப் லண்டன் தொகுதியில் வென்றார். கிறிஸ்தவனின் மெய்யான விசுவாசத்தின்மேல் ஆணை என்று சொல்லி உறுதிமொழி எடுக்க வேண்டும் என்பது அன்றைய விதி. யூதரான அவர் அந்தச் சொற்களைச் சொல்ல மறுத்தார். மறுபடி மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டும் பதினோரு ஆண்டுகள் அவையில் உட்கார முடியவில்லை. 1858இல் சட்டம் மாறிய பிறகே, தலையை மூடிக்கொண்டு, எபிரேய வேதத்தின் மீது ஆணையிட்டு இடத்தில் அமர்ந்தார். கடவுள் நம்பிக்கையற்ற சார்ல்ஸ் பிராட்லா 1880இல் நார்தாம்ப்டனில் வென்றபோது அவரையும் அவையிலிருந்து வெளியேற்றினார்கள், சிறையிலும் வைத்தார்கள். ஆறு ஆண்டு போராடி உள்ளே வந்தவர், இந்தியர்களுக்காகப் பேசுவதையும் விடவில்லை. 1892இல் பார்சியான தாதாபாய் நௌரோஜி மத்திய ஃபின்ஸ்பரியில் மிகச் சில வாக்குகளில் வென்று நாடாளுமன்றம் போனார்.

பிற நம்பிக்கையாளருக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. 2009இல் கான் அரசியின் ஆலோசனை அவையான பிரிவி கவுன்சிலின் உறுப்பினராகப் பதவியேற்கும்போது எந்த வேதத்தின்மேல் ஆணையிடுவீர்கள் என்று பக்கிங்ஹாம் அரண்மனையிலிருந்து கேட்டார்கள். குர்ஆன் அங்கே இல்லை. கான் தன் பிரதியைக் கொண்டுபோனார். அடுத்து வருபவருக்கு ஆகட்டும் என்று அதை அங்கேயே விட்டுவிட்டு வந்ததாகப் பின்னர் சொன்னார்.

அமெரிக்காவில் இதே விவாதம் மார்மன் மதத்தைச் சுற்றி நடந்தது. 1830இல் ஜோசஃப் ஸ்மித் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபை அது. தங்கத் தகடுகளில் எழுதிய வேதம் தனக்குக் கிடைத்தது என்றார் அவர். ஒரு காலத்தில் பலதார மணம் இருந்தது. 1890இல் சபை அதைக் கைவிட்டது. மதுவும் தேநீரும் காபியும் கூடாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்கு. 1844இல் ஸ்மித்தே அதிபர் தேர்தலில் நின்றார். அந்தப் பிரசாரம் நடக்கும்போதே ஒரு கும்பல் அவரைச் சிறைக்குள் புகுந்து சுட்டுக் கொன்றது.

மார்மனான மிட் ராம்னி அதிபர் வேட்பாளராக முயன்ற 2007-08இலும் 2012இலும் இந்த நம்பிக்கைகள் எல்லாம் மேடைக்கு வந்தன. இயேசுவும் சாத்தானும் சகோதரர்கள் என்று மார்மன்கள் நம்புகிறார்கள் அல்லவா என்று கேட்டார் அவருடைய போட்டியாளர் மைக் ஹக்கபி. பிறகு மன்னிப்புக் கேட்டார். டெக்சஸ் பாதிரியார் ராபர்ட் ஜெஃப்ரஸ் 2011இல் மார்மன் மதத்தை ஒரு போலிச் சபை என்றே பேசினார். இவற்றால் அமெரிக்க வாக்காளருக்கு என்ன தெரிந்தது? ராம்னியின் வரிக் கொள்கை பற்றியோ, மருத்துவக் காப்பீடு பற்றியோ ஒன்றுமில்லை. ஆனால் இன்னொரு கேள்வியும் அவரிடம் கேட்கப்பட்டது. 1978 வரை கறுப்பினத்தவருக்குக் குருத்துவம் தராத சபையில் இருந்தீர்களே, அப்போது என்ன நினைத்தீர்கள்? தடை நீங்கிய செய்தியை வண்டியில் போகும்போது வானொலியில் கேட்டு அழுதேன் என்றார் ராம்னி. அந்தக் கேள்வி சமத்துவம் பற்றியது, பொது வாழ்வைப் பற்றியது. அதைக் கேட்டது சரி. இரண்டு கேள்விகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் இங்கே பேசவேண்டிய விஷயம்.

பிரிட்டனிலும் ஒரு மார்மன் இருபது ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் இருந்தார். தொழிற்கட்சியின் டெரி ரூனி, 1990 முதல் 2010 வரை பிராட்ஃபோர்ட் வடக்கின் உறுப்பினர். ராம்னிக்கு நடந்ததுபோல் அவர் மதம் இங்கே தேசிய விவாதமாகவில்லை.

இது லண்டனோடும் அமெரிக்காவோடும் நிற்கும் வழக்கமும் அல்ல. 2017இல் மெர்சல் படத்தின் ஜிஎஸ்டி வசனம் பிடிக்காத பாஜகவின் எச். ராஜா, நடிகரை ஜோசஃப் விஜய் என்று அழைத்து, அவருடைய வாக்காளர் அட்டையையும் வெளியிட்டார். வசனத்தில் சொன்ன வரி விகிதம் சரியா தவறா என்று பேசியிருக்கலாம். பேச்சு பெயருக்குத் தாவியது. சாதிக் கான் என்ற பெயருக்கு லண்டனில் நடந்ததும் இதுதான்.

நம்பிக்கையைப் பற்றியே கேட்கக் கூடாதா? கேட்கலாம். லிபரல் டெமாக்ரட் தலைவராக இருந்த டிம் ஃபேரன் ஓர் இவாஞ்செலிக்கல் கிறிஸ்தவர். ஒருபால் உறவு பாவமா என்று 2015இலும் 2017 தேர்தலின்போதும் நேர்காணல்களில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர் நழுவினார், பிறகு பாவமில்லை என்றார், 2017 ஜூனில் பதவி விலகினார். உண்மையான கிறிஸ்தவனாகவும் கட்சித் தலைவனாகவும் ஒருசேர இருக்க முடியவில்லை என்பது அவர் தந்த விளக்கம். சட்டத்தில் எப்படி வாக்களிப்பீர்கள் என்று கேட்டிருந்தால் மக்களுக்குத் தேவையான பதில் கிடைத்திருக்கும். உள்மனத்தில் எதைப் பாவம் என்று கருதுகிறீர்கள் என்ற கேள்வி ஒரு மனிதரை வதைத்தது. அதனால் யாருக்கும் நன்மையில்லை.

எல்லை எது என்பதில் சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2010 பொதுத்தேர்தலில் ஓல்டம் கிழக்கு, சாடில்வொர்த் தொகுதியில் தொழிற்கட்சியின் ஃபில் வூலஸ் 103 வாக்குகளில் வென்றார். எதிர் வேட்பாளர் எல்வின் வாட்கின்ஸ் முஸ்லிம் தீவிரவாதிகளின் ஆதரவை நாடினார் என்று வூலஸின் பிரசுரங்கள் சொல்லியிருந்தன. வாட்கின்ஸ் தேர்தல் நீதிமன்றம் போனார். 1983 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, வேட்பாளரின் தனிப்பட்ட குணம், நடத்தை பற்றிப் பொய்யான தகவல் பரப்புவதைக் குற்றம் என்கிறது. அதே ஆண்டு நவம்பர் 5 அன்று தீர்ப்பு வந்தது. வெற்றி ரத்து, மூன்று ஆண்டு தடை.

மதத்தைத் தனக்காகப் பயன்படுத்துகிறவருக்கும் சட்டம் உண்டு. டவர் ஹாம்லெட்ஸ் மேயர் லுட்ஃபர் ரஹ்மானுக்கு வாக்களிப்பது மதக் கடமை என்ற பொருள்பட 101 இமாம்கள் கையெழுத்திட்ட கடிதம் 2014இல் ஒரு வங்காளி வார இதழில் வெளிவந்தது. ஆன்மிகச் செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்தியது உட்படப் பல குற்றங்களைக் காரணம் காட்டி, 2015 ஏப்ரல் 23 அன்று தேர்தல் ஆணையர் ரிச்சர்ட் மோரி அந்தத் தேர்தலையே செல்லாது என்றார். ரஹ்மானுக்கு ஐந்தாண்டு தடை. அந்தத் தடை முடிந்தபின் 2022இல் மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள்.

தமிழர்களுக்கு இதில் சொந்தப் பாடு இருக்கிறது. 2009 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் லண்டனில் சுயேச்சையாக நின்ற ஜனனி ஜனநாயகம் 50,014 வாக்குகள் பெற்றார். 2024இல் ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த உமா குமரன் ஸ்ட்ராட்ஃபோர்ட், போ தொகுதியிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் சென்றார். இனியும் பலர் நிற்பார்கள். மாவீரர் நாளில் எங்கே நின்றாய், எந்த அமைப்பின் கூட்டத்தில் பேசினாய், யாரோடு படம் எடுத்தாய் என்ற கேள்வி அவர்களை நோக்கியும் வரும். ஊரில் செத்துப்போன உறவுக்கு விளக்கேற்றப் போனவரைப் பயங்கரவாதத்தோடு முடிச்சுப் போடுவது எவ்வளவு சுலபம் என்று நமக்குத் தெரியும். அந்த நியாயத்தை நமக்குக் கேட்கும் நாம், அதையே முஸ்லிம் வேட்பாளருக்கும், மார்மனுக்கும், நாத்திகருக்கும் கொடுக்க வேண்டும். மேடையில் யார் இருந்தார் என்பதோடு நிறுத்தாமல், இவர் அங்கே என்ன பேசினார், பதவியில் என்ன செய்தார், எப்படி வாக்களித்தார் என்று கேளுங்கள்.

அடுத்த தேர்தலில் நம் பெயரைப் பார்த்து நமக்கென்றே ஒரு பிரசுரம் வந்தால், அடியில் சிறிய எழுத்தில் வெளியிட்டவர், அச்சிட்டவர் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி அது இருந்தே ஆகவேண்டும். ஒரு வேட்பாளரின் நடத்தை பற்றி அதில் பொய் இருப்பதாகத் தோன்றினால் குப்பையில் போடாதீர்கள். வூலஸின் தேர்தலைக் கவிழ்த்த சாட்சியம் வீடுகளுக்கு வந்த அத்தகைய தாள்கள்தான். தேர்தல் மனுவைத் தாக்கல் செய்யப் பொதுவாக 21 நாள் அவகாசமே உண்டு.