எந்த வலிப்புக்கு எந்த மாத்திரை?

பாடம் நடக்கும்போது பத்து விநாடி அப்படியே உறைந்து நிற்கும் பிள்ளையை, "பராக்குப் பார்க்கிறான்" என்று திட்டிவிடுகிறோம். அது அப்சென்ஸ் என்ற வலிப்பாக இருக்கலாம். கை கால் வெட்டாது, வாயில் நுரை தள்ளாது. மருத்துவர் பிள்ளையை வேகமாக மூச்சு இழுத்துவிடச் சொல்லி இ.இ.ஜி. எடுத்தால், நொடிக்கு 3 என்ற கணக்கில் கூர்முனையும் அலையும் மாறி மாறி வரும்.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் 1980களில் இதே வலிப்பு பரம்பரையாக வரும் ஓர் எலி வகையை வளர்த்தெடுத்தார்கள். மூளையின் மேற்பரப்பில் மின்முனை பொருத்திய எலி விழித்தபடியே அசையாமல் நின்றுவிடும், மீசை மட்டும் லேசாகத் துடிக்கும். அந்த நேரத்தில் பதிவில் கூர்முனை அலைகள் வரிசையாக ஓடும். எத்தோசக்சிமைடு, வால்ப்ரோயேட் கொடுத்தபோது அவை அடங்கின. கார்பமசெபின், ஃபெனிடாயின் கொடுத்தபோதோ இன்னும் கூடின! இந்த இரண்டும் வேறு வகை வலிப்புகளுக்கு அருமையான மருந்துகள். நம் ஊரிலும் நிறையப் புழங்குபவை. அப்சென்ஸ் உள்ள குழந்தைகளுக்கும் இவற்றால் வலிப்பு அதிகமாகலாம்.

அதனால்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்ட மாத்திரையை நம் பிள்ளைக்கு வாங்கித் தரக் கூடாது என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்து தொடங்கிய பிறகு வலிப்பு கூடினாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வலிப்பு வரும்போது செல்போனில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். இது எந்த வகை, இந்த மருந்து ஏன் என்று கேட்பது உங்கள் உரிமை. சிகிச்சைப் பதிவுகளை எழுதிக் கேட்டால் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் உடலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பக்கவிளைவுகளை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே புகார் செய்யலாம்.

எலிச் சோதனையே முடிந்த முடிவும் அல்ல. இன்று பரவலாகத் தரப்படும் லெவெடிரசெட்டம், வழக்கமான இரண்டு விலங்குச் சோதனைகளிலும் தேறாத மருந்து. வேறு வகை விலங்கு மாதிரிகளில் பலன் தெரிந்ததால்தான் பிழைத்தது. 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அந்த எலிகளின் அலையை அடக்கிய வால்ப்ரோயேட்டிலும் ஒரு பேராபத்து உண்டு. கர்ப்ப காலத்தில் அதை எடுத்துக்கொண்டால், பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படுகிறது. வலிப்பை மறைத்துக் கல்யாணம் செய்துவைக்கும் வீடுகளில் இதைப் பற்றி அந்தப் பெண் யாரிடம் கேட்பாள்? வலிப்பு இருப்பதைக் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க இடம் தந்த சட்டப் பிரிவு 1999இலேயே நீக்கப்பட்டுவிட்டது. இனி மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. கல்யாணம் பேசும்போதே நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, கருத்தரிக்கும் முன் மருந்தை மாற்ற வேண்டுமா, ஃபோலிக் அமிலம் எப்போது தொடங்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.