உழைக்கும் வேளையில் உடலினுள் நிகழ்வன

"நாள் முழுதும் உழைக்கும் நமக்குத் தேகப்பயிற்சி எதற்கு?" என்று நெசவாளரும் விவசாயியும் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. விடை காண்பதற்கு, உழைக்கும் வேளையில் உடலினுள் நிகழ்வனவற்றை அறிதல் வேண்டும்.

வரப்பு வெட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மண்வெட்டியை ஓங்குமாறு மூளை பிறப்பிக்கும் ஆணை, முதுகுத்தண்டின் வழியே இறங்கி, நரம்புகளின் மூலம் தசைகளை அடைகிறது. விரைவுமிக்க நரம்புகளில் அது வினாடிக்குச் சுமார் 100 மீட்டர் வேகத்தில் செல்லும். ஆணை பெற்ற தசை சுருங்குகிறது; எலும்பு அசைகிறது. அதே சமயத்தில் நரம்பு மண்டலம் இருதயத்தையும் சுவாசத்தையும் தூண்டுகிறது. ஆதலின் வேலை தொடங்கிய சில வினாடிகளிலேயே நாடியும் மூச்சும் விரைகின்றன.

தசைக்கு எரிபொருளாவன சர்க்கரையும் கொழுப்பும். தொடர்ந்து உழைப்பதற்கு அவற்றை எரிக்கும் பிராணவாயு இன்றியமையாதது. ஓய்வில் நிமிஷத்திற்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கும் நுரையீரல், மிகக் கடும் உழைப்பில் 100 லிட்டர் வரையும் இழுக்கக்கூடும். எரிதலால் உண்டாகும் கரியமில வாயுவை வெளியேற்றுவதும் அதன் கடமையே. ஓய்வில் நிமிஷத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்தும் இருதயம், கடும் உழைப்பில் 20 லிட்டர் செலுத்தும். அதில் ஐந்தில் நான்கு பங்கு தசைகளுக்கே செல்கிறது; ஓய்விலோ ஐந்தில் ஒரு பங்குதான். தசை செலவிடும் சக்தியில் ஏறக்குறையக் கால் பங்கே வேலையாகிறது. எஞ்சியது உஷ்ணமாகி, பெரும்பாலும் வியர்வையால் தணிகிறது. வெயிலில் உழைப்போர் தாகம் மிகும்வரை காத்திராமல் அடிக்கடி நீர் பருகவேண்டும் என்பது இதனாலேயே.

தசையின் உழைப்பு இருவகைப்படும். நடக்கும்போது தசைகள் மாறி மாறிச் சுருங்கித் தளர்கின்றன. தளர்கையில் புதிய இரத்தம் பாய்கிறது; சுருங்குகையில் இரத்தம் இருதயத்தை நோக்கிப் பிழியப்படுகிறது. கெண்டைக்கால் தசையை இரண்டாம் இருதயம் என்று கூறுவது இது பற்றியே. குழித்தறியில் குனிந்திருப்பவரின் நிலை வேறு. நாடா ஓட்டும் கையும் மிதி அழுத்தும் காலும் அசைந்தபோதிலும், அவருடைய கழுத்தும் முதுகும் பல மணி நேரம் இறுகியே நிற்கின்றன. இறுகிய தசை தன் இரத்தக் குழாய்களைத் தானே நெருக்குகிறது, பிராணவாயு குறைகிறது, கடுப்பு உண்டாகிறது. உடலின் பாரத்தைத் தாங்கி நடக்கவேண்டிய தொடைத் தசைகளுக்கும் அங்கே முழு வேலை இல்லை.

உழைப்பாளிகளுக்குள்ளேயே இவ்வேற்றுமை எத்துணை முக்கியம் என்பதை லண்டன் நகரில் டாக்டர் ஜெரிமி மாரிஸ் என்பாரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1953-ல் வெளியிட்டனர். இரண்டடுக்குப் பஸ்களில் ஓயாது படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே வேலை செய்த டிரைவர்களுக்கு இருதய நோய் மிகுதியாகக் காணப்பட்டது. இருசாராரும் உழைத்தவர்களே.

ஆகவே, தறியில் அமர்வோர் மணிக்கு ஒருமுறையேனும் எழுந்து சில நிமிஷம் நடந்து, தோளையும் கழுத்தையும் மெல்ல அசைத்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் ஐந்து நாள், அரைமணி நேரம் விரைந்து நடத்தல் நன்று. வாரத்திற்கு 150 நிமிஷமேனும் மிதமான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் அறிவுறுத்தியிருப்பதற்கும் இது பொருந்தும். நாளடைவில் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தம் செலுத்தப் பழகும். ஓய்வில் அதன் துடிப்புக் குறையும். நெடுநாள் பழக்கமற்றவர்கள் சிறிது சிறிதாகவே நடையை மிகுத்தல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. உழைக்கும்போதோ நடக்கும்போதோ மார்பில் இறுக்கம் தோன்றி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவினாலும், குளிர்ந்த வியர்வையுடன் மூச்சுத் திணறினாலும், வாயுப்பிடிப்பு என்று கருதி வாளாவிருத்தல் கூடாது. உடனே வேலையை நிறுத்தி, தாமதமின்றி மருத்துவமனையை அடைய வேண்டும். அறுந்த இழையைப் பிணைத்து நெய்யலாம். இரத்தமின்றி இறந்துபட்ட இருதயத் தசையைத் திரும்பப் பெறுதல் அரிது.