காலி வண்டிக்குக் கட்டணம் யார் கட்டுவது?

ஓட்டுநர் இல்லாத கார் என்றதும் விபத்து நடக்குமா, டிரைவர் வேலை போகுமா என்றுதான் முதலில் கேட்கிறோம். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் நகரத்தை அதிகம் மாற்றப்போவது ஆளே இல்லாமல் ஓடும் வண்டிதான். 2024 கோடையில் சான் பிரான்சிஸ்கோவின் ஒரு வாகன நிறுத்தத்துக்குத் திரும்பிய வேமோ நிறுவனத்தின் ஓட்டுநரில்லாக் கார்கள், அதிகாலை நான்கு மணிக்கு ஒன்றைப் பார்த்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டன. இடிபடாமல் இருக்க மென்பொருளில் செய்திருந்த ஏற்பாடு அது. காருக்குள் ஒருவரும் இல்லை. தூக்கம் கெட்டது அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளில்.

ஹாரனை நிறுத்திவிட்டார்கள். காலி ஓட்டத்தை நிறுத்துவது அவ்வளவு எளிதல்ல. ஓட்டுநரில்லாக் கார் கிடைத்தால் மக்கள் என்ன செய்வார்கள் என்று அறிய, பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே வட்டாரத்தில் 13 பேருக்கு ஒரு வாரம் இலவசமாக டிரைவரை அமர்த்திக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, கார்கள் ஓடிய தூரம் 83 சதவீதம் கூடியது. கூடியதில் ஒரு பங்கு, உரிமையாளர் ஏறாமலே வண்டியை அங்கும் இங்கும் அனுப்பியதால் வந்தது. 13 பேரை வைத்து ஒரு நகரத்தையே எடைபோட முடியாதுதான். ஆனால் காரணம் வெளிப்படை: காரில் உட்கார்ந்திருக்கும் சலிப்புதான் இதுவரை நம் பயணங்களுக்குக் கடிவாளம். அது போனால் பார்க்கிங் கட்டணம்கூட வண்டியை நிறுத்தவைக்காது. நகர மையத்தில் காசு கொடுத்து நிறுத்துவதைவிடத் தெருவில் ஊர்ந்து சுற்றுவது மலிவு என்று போக்குவரத்து ஆய்வாளர் ஆடம் மில்லார்ட்-பால் 2019இல் கணக்கிட்டுக் காட்டினார். நெரிசலில் மாட்டினால் அந்தக் காருக்கு நஷ்டமில்லை. பின்னால் நிற்கும் பேருந்துக்குத்தான்.

இந்தக் கார்களை எல்லோரும் வாடகைக்கு எடுத்தால் சொந்தக் கார் குறையுமே என்பார்கள். செயலி வழி வாடகைக் கார்களான ஊபரும் லிஃப்டும் வந்தபோதும் இதையே சொன்னார்கள். 2010க்கும் 2016க்கும் இடையே சான் பிரான்சிஸ்கோவில் கூடிய நெரிசலில் ஏறத்தாழ பாதி அவற்றால் வந்தது என்று அந்நகரின் போக்குவரத்து ஆணையமே கண்டறிந்தது. பார்வையற்றோருக்கும் முதியோருக்கும் இந்தக் கார்கள் பெரிய விடுதலை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்களை ஏற்றிச் செல்லும் தூரத்துக்குக் கட்டணம் கேட்கவேண்டியதில்லையே, காலியாக ஓடும் தூரத்துக்குக் கேட்டால் போதும். சாலைக்கு விலை வைப்பது புதிதுமல்ல: சிங்கப்பூர் 1975இலும் லண்டன் 2003இலும் செய்தன. சான் பிரான்சிஸ்கோவும் 2020 முதல் செயலி வழிப் பயணங்களுக்கு 3.25 சதவீதம் வரை வரி வாங்குகிறது. அந்த வரி விழுவது பயணி தரும் வாடகையின் மேல். பயணியே இல்லாத ஓட்டத்துக்கு வாடகையும் இல்லை, வரியும் இல்லை.