ஜீப்பின் முன்சக்கரக் குடமும் இருசும் மாற்றுதல்

கட்டை வண்டியில் இருசு அசையாது நிற்க, சக்கரம் அதன்மேல் சுழலும். 1945-இல் உழவுக்கும் உதவுமாறு வெளிவந்த வில்லிஸ் ஸிஜே-2ஏ போன்ற நாற்சக்கர விசை ஜீப்பிலோ, முன் இருசே சுழன்று சக்கரத்தைச் சுழற்றுகின்றது. ஆயினும் பாரத்தைத் தாங்குவது இருசன்று. அதைச் சூழ்ந்துள்ள அசையாத இரும்புக் குழலும், குடத்தினுள் அமைந்த இரு பேரிங்குகளுமேயாம். இருசு முறிந்தால் முன்சக்கரங்களின் இழுவை போகும்; பேரிங்கு அழிந்தாலோ சக்கரமே கழன்று உயிருக்கு அபாயம் நேரிடலாம்.

முதலில் பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, முன்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மேல் நிறுத்துதல் வேண்டும். சக்கரத்தையும் குடத்தின் முகப்புத் தட்டையும் கழற்றி, இரு நட்டுகளையும் இடையிலுள்ள பூட்டு வாஷரையும் நீக்கினால் குடம் வெளிவரும். பிரேக்குத் தட்டைக் குழாய் முறியாதபடி ஒதுக்கிக் குழலை எடுத்தபின், இருசை நேராக உருவ வேண்டும். சாய்த்திழுத்தால் உள்ளிருக்கும் ஆயில் ஸீல் கிழியும்.

புதிய குடத்தில் தேய்ந்த பேரிங்குகளையும் பழைய ஸீலையும் இடுதல் தகாது. பேரிங்குகளில் நன்றாகக் கிரீஸ் நிரப்பி, சக்கரம் இறுகும்வரை உள்நட்டை முறுக்கி, பின் ஏறத்தாழ ஆறிலொரு சுற்றுத் தளர்த்துக. சக்கரம் தடையின்றிச் சுழல்வதைக் கண்டபின் வாஷரை இட்டு வெளிநட்டை இறுக்கி, வாஷரின் விளிம்பை மடிக்க வேண்டும்.

இறுக்கம் மிகுந்தால் பேரிங்கு சூடேறிக் கெடும்; தளர்ச்சி மிகுந்தால் சக்கரம் ஆடும். சில மைல் ஓட்டியபின் குடத்தைத் தொட்டுப் பார்த்துச் சரிசெய்து கொள்வது, பெருஞ்செலவையும் விபத்தையும் தவிர்க்கும்.