விழுப்புரத்துல ஒரு ஸ்போர்ட்ஸ் கார்... நிஜமா எவ்வளவு ஆகும்?

ரீல்ஸ்ல பார்த்த காரோட விலையை கூகுள்ல தட்டினா, முதல்ல வர்றது எக்ஸ்-ஷோரூம் விலை. அது பாதிக் கதைதான். மீதியைத் தீர்மானிக்கிறது மூணு விஷயம்: பேட்ஜ், அசெம்பிள் ஆன இடம், பதிவு செய்யுற ஆர்.டி.ஓ.

பேட்ஜைப் பார்த்து ஏமாறாதீங்க

ஹூண்டாய் ஐ20 என் லைன்ல இருக்கிறது 1 லிட்டர் டர்போ இன்ஜின், 120 பி.எஸ். வெளிநாடுகள்ல வந்த அசல் 'ஐ20 என்' 1.6 லிட்டர், 204 பி.எஸ். என் லைன்லயே என்6, என்8-னு ரெண்டு வேரியன்ட் உண்டு. இன்ஜின் ஒண்ணுதான், கூடுதல் பணம் வசதிகளுக்கு மட்டும். பிஎம்டபிள்யூவிலும் இதே கதைதான். 'எம் ஸ்போர்ட்' பெரும்பாலும் தோற்றம், எம்340ஐ நடுப்படி, எம்2-தான் அசல் 'எம்'.

பரனூரா, மெக்சிகோவா?

திண்டிவனத்துல இருந்து ஜிஎஸ்டி ரோட்டுல சென்னைக்குப் போனா, செங்கல்பட்டு தாண்டி பரனூர் டோல்கேட் பக்கத்துல மகேந்திரா வேர்ல்டு சிட்டி வரும். அங்கே 2007-ல திறந்த பிஎம்டபிள்யூ ஆலையிலதான் எம்340ஐ அசெம்பிள் ஆகுது. 374 ஹெச்.பி, 0-100 கி.மீ வேகத்துக்கு 4.4 விநாடி. 2024 நவம்பர்ல அறிமுக விலை 74.90 லட்சம். அதே மாசம் வந்த எம்2, 480 ஹெச்.பி, 1.03 கோடி.

ரெண்டுமே 3 லிட்டர், 6 சிலிண்டர்தான். அமெரிக்காவுல ரெண்டுக்கும் விலை வித்தியாசம் 10 சதவிகிதத்துக்குள்ள. இங்கே 37 சதவிகிதம்! காரணம், எம்2 மெக்சிகோவுல இருந்து முழு காரா வருது. இறக்குமதி வரியே 100 சதவிகிதத்துக்குக் குறையாது. உதிரிபாகமா வந்து இங்கே பூட்டினா வரி பல மடங்கு குறையும். அதுக்கு மேல ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22-ல இருந்து பெரிய கார்களுக்கு 40 சதவிகிதம்.

டிஎன்-32 vs பிஒய்-01

தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள்கால வரி 20 சதவிகிதம். 74.90 லட்சத்துக்குக் கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 15 லட்சம். ஒரு ஐ20 என் லைனையே வாங்கிடலாம்! இன்ஷூரன்ஸ் தனி. 1 சதவிகிதம் டிசிஎஸ்-ம் பிடிப்பாங்க. அதை வருமான வரிக் கணக்குல கழிச்சுக்கலாம்.

"40 கிலோமீட்டர்தானே, பாண்டிச்சேரியில பதிவு பண்ணிடலாம்"னு யாராவது ஐடியா கொடுப்பாங்க. அங்கே வரி குறைவுங்கிறது உண்மை. ஆனா, நீங்க குடியிருக்கிற அல்லது தொழில் செய்யுற, கார் வழக்கமா நிக்கிற மாநிலத்துலதான் பதிவு பண்ணணும்னு மோட்டார் வாகனச் சட்டம் சொல்லுது. வேற மாநிலப் பதிவு வண்டி இங்கே 12 மாசத்துக்கு மேல நின்னா, மறுபதிவு கட்டாயம். பொய் முகவரி கொடுத்தா அது கிரிமினல் வழக்கு. 2017-ல பாண்டிச்சேரிப் பதிவு விவகாரத்துல கேரளத்துல சினிமா நட்சத்திரங்களே சிக்கினாங்க.

அதனால ஷோரூமுக்குப் போனா, விழுப்புரம்னா டிஎன்-32, திண்டிவனம்னா டிஎன்-16-க்கு ஆன்-ரோடு விலையை எழுத்துல கேளுங்க. கலர், அலாய் வீல் மாதிரி ஆப்ஷன்களுக்கும் தனித்தனியா விலை போடச் சொல்லுங்க. இஎம்ஐ கணக்கை அந்தக் கடைசி எண்ணை வெச்சுத் தொடங்குங்க!