கம்பியில்லாக் கருவிகளின் கூட்டுறவு

நிலத்தின் ஈரத்தையும் காற்றின் வெப்பத்தையும் அளந்து, ரேடியோ மூலமாகத் தாமே அறிவிக்கும் சிறு கருவிகள் இக்காலத்தில் விளைநிலங்களில் நாட்டப்படுகின்றன. கனடா தேசத்தில் ஒக்கனாகன் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு திராட்சைத் தோட்டத்தில் இத்தகைய கருவிகள் 65 நாட்டப்பட்டு, அதன் விவரம் 2004-ம் வருஷத்தில் வெளியாயிற்று. உறைபனியும் வெப்பமும் தோட்டத்தில் இடத்திற்கு இடம் எவ்விதம் வேறுபடுகின்றன என்று அறிவதே அதன் நோக்கம். தூரத்திலிருந்த கருவிகள் தலைமை நிலையத்திற்கு நேரே செய்தி அனுப்பவில்லை. ஒன்று சொன்னதை மற்றொன்று வாங்கி, அடுத்ததற்குக் கொடுத்தது.

இதற்குக் காரணம் யாதெனில், தடையற்ற வெளியில் தூரம் இரட்டித்தால், செய்தி முன்போலக் கேட்பதற்கு நான்கு மடங்கு சக்தி வேண்டும். நடுவில் ஒரு கருவி நின்று வாங்கிக் கொடுத்தால், ஒவ்வொரு பாதித் தூரத்திற்கும் கால் பங்கு சக்தியே போதும். இரண்டும் சேர்ந்து அரைப் பங்குதான். தரையை ஒட்டியும் இலைகளினூடேயும் அலைகள் இன்னும் விரைவில் தேய்வதால், லாபம் அதிகமாகும். ஆயினும், கேட்பதற்கும் பாட்டரி செலவாகும். ஆகையால் கருவிகளை மிகவும் நெருக்கமாக நாட்டுவதில் பிரயோஜனமில்லை.

மற்றொரு நன்மையும் உண்டு. ஒரு கருவி அனுப்புவது அயலிலுள்ள கருவிகளுக்கும் கேட்கும். நேராக வந்த செய்தி தெளிவற்றிருப்பின், அயற்கருவி தான் கேட்டதைத் திருப்பி அனுப்பும். நிலையம் இரண்டையும் சேர்த்து முழுச் செய்தியையும் அறிந்துகொள்ளும்.

இம்முறையின் குறை ஒன்றைக் கவனித்தல் அவசியம். நிலையத்திற்கு அருகிலுள்ள கருவிகள் தம் செய்தியோடு பிற யாவற்றின் செய்தியையும் சுமப்பதால், அவற்றின் பாட்டரி முதலில் தீர்ந்துபோம். தலைமடை அடைபட்டால் கடைமடை காய்வது போல, அவை ஓய்ந்தால் தூரத்துக் கருவிகள் பழுதின்றி இருந்தும் பயனில்லை. உறைபனி இறங்கும் இரவில் கோடி வரிசையின் எச்சரிக்கை வந்து சேராது. செய்தியில்லாமையை நலம் என்று எண்ணி உறங்கியவர் காலையில் கருகிய தளிரைக் காண்பார்.

ஆதலின் இக்கருவிகளை உபயோகிப்போர் கவனிக்க வேண்டியவை:

1. நிலையத்திற்கு அருகிலுள்ள கருவிகளுக்குப் பெரிய பாட்டரியோ, சூரிய ஒளியால் மின்சாரம் தரும் தகடோ பொருத்துக.

2. ஒவ்வொரு கருவியின் செய்தியும் இரண்டு அயற்கருவிகளுக்காவது எட்டுமாறு நாட்டுக.

3. பயிர் வளரக்கூடிய உயரத்தை முன்னரே கருதி, ஏரியலை அதற்கு மேல் நிறுத்துக.

4. எந்த வரிசையிலிருந்தேனும் செய்தி நின்றால், அன்றே நேரில் சென்று பார்க்கவும்.

தன் சுமையோடு அயலார் சுமையையும் தாங்கும் கருவியைப் பேணுவதே, முழு நிலத்தையும் பேணுவதாகும்.